மஞ்சள் பெட்டி எங்கே?

அத்தியாயம் 11

வைதேஹி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். குடலைக் கழுவ டாக்டர் கொடுத்த, உப்பும் எலுமிச்சை வாசனையும் கலந்த அந்தக் கரைசல், தொண்டையில் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. இந்த வீட்டில் யாருடைய அடம் பெரியது என்று அதற்குத் தெரியாது, பாவம்.

"இன்னும் பாதி ஜக் இருக்குடி," என்றார் ஹாலில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்த மகாதேவன். "தேவையா இது? ஒரு தடவை குடிச்சாச்சு, உள்ளே கேமரா விட்டுப் பார்த்தாச்சு, பயமில்லைன்னு சொல்லியாச்சு. மறுபடியும் பாருங்கோன்னு நீயா போய் நிக்கறே. உலகத்துல எவளாவது இப்படிப் பண்ணுவாளா?"

"நான் முதல் ஆளா இருந்துட்டுப் போறேன்."

மேலே பேச நேரமில்லை. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு பாத்ரூமுக்கு ஓடினாள்.

டெல்லி ஆர்.கே.புரத்தின் இந்த அரசுக் குடியிருப்புக்கு வாரம் தவறாமல் வந்து போகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். புதிதாக வாசல் மணி அடிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. வைதேஹி மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். மகாதேவன் இன்னொரு அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே பிள்ளை ஷ்ரவண், குர்காவ் கம்பெனி ஒன்றில் இஞ்ஜினியர். குடலுக்குள் கேமராவை விட்டுப் பார்க்கும்போது, அங்கே முளைத்திருக்கும் சிறு வளர்ச்சிகளின் படத்தை வைத்து, இது ஆபத்தானது, இது சாது என்று சொல்கிற கம்ப்யூட்டரை அவன் கம்பெனிதான் தயாரிக்கிறது. திரையில் சிவப்புப் பெட்டி போட்டால் எடுத்துவிட வேண்டும். பச்சைப் பெட்டி போட்டால் விட்டுவிடலாம்.

போன மாதம் ஆபீஸ் பரிசோதனையில் வைதேஹிக்கு மலத்தில் ரத்தம் இருப்பதாக வந்தது. பிள்ளையின் மிஷின் இருக்கும் மருத்துவமனைக்கே அழைத்துப் போனார்கள். குடலின் வலது பக்கத்தில், பாசிப்பருப்பு அளவில், தட்டையாக ஒரு பாலிப், அதாவது அப்படி ஒரு வளர்ச்சி. பச்சைப் பெட்டி விழுந்தது. டாக்டர் மாதுரி அதைத் தொடாமல் விட்டுவிட்டார்.

அன்றைக்கு ஷ்ரவணுக்குத் தலைகால் புரியவில்லை. காஜு கத்லி வாங்கி வந்து மாடி வீடுகள் வரைக்கும் விநியோகம் செய்தான்.

மகாதேவனின் சந்தோஷம் வேறு மாதிரி. டாக்டர் ஹிந்தியில், "சோட்டா ஸா மஸ்ஸா ஹை" என்று சொல்லியிருந்தார். மஸ்ஸா என்றால் மரு. மருவுக்கு மகாதேவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான், முருகன் சந்நிதியில் உப்பும் மிளகும் போடுவது. பொட்டலம் கட்டிக்கொண்டு, ஆர்.கே.புரத்து முருகன் கோவிலான மலை மந்திரின் படியேறினார். "மாமா, இங்கே அதையெல்லாம் போட இடமில்லை" என்று அங்கே சொல்லிவிட்டார்கள். ஊருக்குப் போகும்போது வைத்தீஸ்வரன் கோவிலில் போட்டுக்கொள்ளலாம் என்று பொட்டலத்தைச் சமையலறை அலமாரியில் வைத்தார். வைதேஹி அதைப் பிரித்து ரசம் வைத்துவிட்டாள். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

போன வாரம்தான் கதை திரும்பியது. பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த வைதேஹியின் காதில், உள்ளறையில் ஷ்ரவண் தன் மேலதிகாரி அர்ஜுனிடம் ஹிந்தியில் பேசியது விழுந்தது. "மஞ்சள் பெட்டியை எடுத்ததை ஹாஸ்பிடலுக்குச் சொல்ல வேண்டியதில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க, ஸர்?"

அவள் பிள்ளையிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் டாக்டர் மாதுரிக்குப் போன் செய்து, இன்னொரு முறை உள்ளே பார்க்க வேண்டும் என்று தேதி வாங்கினாள்.

அந்தத் தேதி இன்றைக்கு.

பாத்ரூமிலிருந்து வெளியே வந்தபோது ஷ்ரவண் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். ராத்திரி தூங்காத முகம்.

"அம்மா, ப்ளீஸ். கேன்சல் பண்ணிடு. இஞ்ஜினியரோட அம்மாவே மிஷினை நம்பலைன்னு ஹாஸ்பிடல்ல சிரிப்பா. அர்ஜுன் ஸர் காதுக்குப் போயாச்சு. நீயும் கூடவே போய் நில்லுன்னு என்னை அனுப்பறார்."

"நம்பலைதான்."

"ஏன் நம்பலை? மாம், எத்தனை ஆயிரம் போட்டோ காட்டி அதை ட்ரெயின் பண்ணியிருக்கோம், தெரியுமா உனக்கு?"

"மஞ்சள் பெட்டி எங்கேடா?"

ஷூ கயிற்றில் இருந்த விரல் அப்படியே நின்றது. மகாதேவன் பேப்பரைத் தாழ்த்தினார்.

"என்ன மஞ்சள்?" என்றார்.

"உங்க பிள்ளை சொல்லுவான்."

ஷ்ரவண் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஆரம்பத்தில் மூன்று நிறம் இருந்தது. மிஷினுக்குச் சந்தேகம் வந்தால் மஞ்சள் பெட்டி போடும், எனக்குத் தெரியவில்லை, டாக்டரே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். ஆரம்ப சோதனைகளின்போது வேறு ஊர் டாக்டர்கள் சிலர் சிரித்தார்கள். தெரியவில்லை என்று சொல்ல எதற்கு ஒரு மிஷின், அதை நாங்களே சொல்வோமே என்றார்கள். விற்பனைக்கு வந்தபோது அர்ஜுன் ஸர் மஞ்சளை எடுக்கச் சொல்லிவிட்டார்.

"எடுத்தப்புறம் சந்தேகம் வந்தா மிஷின் என்ன பண்ணும்?"

"ரெட், க்ரீன்... எது கிட்டக்க இருக்கோ அந்தக் கலரைப் போடும்."

"அப்போ எனக்குப் போட்ட பச்சை நிஜப் பச்சையா, மஞ்சளுக்குப் பச்சைச் சட்டை போட்டு அனுப்பினதா?"

"சொல்ல முடியாதும்மா. கலர் மட்டும்தான் சேவ் ஆகும். உள்ளே அது எவ்வளவு நிச்சயமா சொல்லித்துங்கறது சேவ் ஆகாது."

வைதேஹிக்குச் சிரிப்பு வந்தது. கோபம் உச்சிக்கு ஏறினால் அவளுக்கு அப்படித்தான்.

"ஏன்னா, உங்க மேஜைக்கு ஒரு ஃபைல் வரது. படிச்சா ஏதோ இடிக்கறது. ஆமான்னும் எழுத முடியலை, இல்லைன்னும் எழுத முடியலை. ஓரத்துல என்ன எழுதுவேள்?"

மகாதேவன் யோசிக்கவே இல்லை. "ப்ளீஸ் ஸ்பீக்."

"கேட்டுக்கோடா. வந்து பேசு, எனக்குப் பிடிபடலை, ரெண்டு பேருமா உட்கார்ந்து பார்க்கலாம்னு அர்த்தம். இத்தனை வருஷத்துல அதை எழுதினவாளை யாரும் கேவலமா நினைச்சதில்லை. சந்தேகத்தை முழுங்கிட்டுக் கையெழுத்துப் போட்டவாதான் பின்னாடி மாட்டிண்டு முழிச்சா. ஒரு அண்டர் செக்ரட்டரிக்கு இருக்கற தைரியம் உன் மிஷினுக்கு இல்லையா?"

மகாதேவன் நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவி வாயிலிருந்து தன் சர்வீஸைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை வந்து வெகு காலமாகியிருந்தது.

"இந்த சைஸ்ல மோஸ்ட்லி ஒண்ணும் இருக்காதும்மா."

"மோஸ்ட்லிங்கறது ஊருக்கு. எனக்கு இருக்கறது ஒரே குடல்."

ஷ்ரவண் எழுந்து நின்றான். குரல் உடைந்தது. "இது வெளியில வந்தா என் வேலை போயிடும்மா. போதுமா?"

வைதேஹி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். இருபத்தொன்பது வயதுப் பிள்ளை, மோதி பாக் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று நின்ற மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். விட்டுவிடலாம், ஒரு பாசிப்பருப்புக்காக எதற்கு இவ்வளவு என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அந்த ஒரு கணத்துக்காக அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"என் வயித்துல இருக்கறதை நான் பார்த்துக்கறேன். உன் வயித்துல இருக்கற பயத்தை நீ பார்த்துக்கோ. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே. காரைக் கூப்பிடு."

வாடகைக் கார் ரிங் ரோடில் ஊர்ந்தது. முன் சீட்டில் இருந்த மகாதேவன், பின்னால் மனைவி முகம் சுளிக்கும்போதெல்லாம் டிரைவரை விரட்டினார். "பையா, தோடா ஜல்தி!" சிக்னல் மஞ்சளாக மாறியபோது டிரைவர் வேகத்தைக் கூட்ட, "அரே பையா, மஞ்சள்னா நிக்கணும்!" என்று தமிழிலேயே கத்தினார். டிரைவர் பயந்து பிரேக் போட்டார். பின் சீட்டில் தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

டாக்டர் மாதுரிக்கு இன்றைய வருகையில் அவ்வளவு உற்சாகமில்லை. நல்ல டாக்டர்தான். ஆனால் தன் முடிவைத் திரும்பப் பார்க்கச் சொன்னால் எந்த டாக்டருக்குத்தான் முகம் மலரும்?

"வைதேஹி ஜி, ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடட்டுமா? போன தடவை போல?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"நஹீ. பேட் மேரா ஹை. மை தேக்கேகா."

டெல்லிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் வைதேஹியின் ஹிந்தி வினைச்சொற்கள் ஆண்பாலிலேயே நடமாடின. என் வயிறு, நான் பார்ப்பான் என்று அவள் சொன்னதில் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது.

"வலிக்கும்."

"வலிக்கட்டும். அப்புறம், என் பையன் உள்ளே இருக்கணும். மிஷின் பக்கத்துல."

எண்டாஸ்கோபி அறையில் நர்ஸ் எவாஞ்சலின் போர்வையை இழுத்து நன்றாக மூடிவிட்டாள். நாகர்கோவில்காரி. போன தடவையே வைதேஹியிடம் ஒட்டிக்கொண்டவள்.

"எக்கா, காத்து ஏறும்போ வயிறு பிடிக்கும், கேட்டியளா? என் கையைப் பிடிச்சுக்கிடுங்க. நல்லா நகம் பதியப் பிடிச்சாலும் குத்தமில்லை."

வைதேஹி பிடித்தாள். எவாஞ்சலின் சொன்னது சும்மா இல்லை. உள்ளே ஒவ்வொரு வளைவிலும் யாரோ குடலை முறுக்கிப் பிழிவது போல வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கிடந்தாள். திரையில் ஈரமாக, இளஞ்சிவப்பாக, நீண்டுகொண்டே போகும் ஒரு குகை. இதுதான் நான் என்று நினைத்தபோது பயம் போய் ஒரு மாதிரி உரிமை வந்தது.

வலது பக்கத்தை எட்டியதும் கேமரா நின்றது. ஒரு மடிப்பின் ஓரத்தில் வெளிறிய சிறு திட்டு. அதைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு பெட்டி விழுந்தது.

பச்சை.

"பார்த்தீர்களா?" என்றார் டாக்டர் மாதுரி. அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. "இரண்டு தடவையும் ஒரே பதில். விட்டுவிடலாம் இல்லையா?"

மிஷின் பக்கத்தில் நின்ற ஷ்ரவண் மூச்சை வெளியே விட்டான். வேலை பிழைத்துவிட்டது. காலையிலிருந்து பட்ட பாட்டுக்கு அதுவே மருந்து போல அவன் தோள் இறங்கியது. வைதேஹிக்கு அதுவும் தெரிந்தது.

"ஷ்ரவண்," என்று கூப்பிட்டாள். வலியில் குரல் திக்கியது. "உன் மிஷின் பச்சைங்கறது. சரி. நீ சொல்லு. இது என்ன?"

"அம்மா..."

"மிஷினைக் கேட்கலை. இவ்வளவு வலியில கிடக்கறது உன்னைக் கேட்கத்தான். இது என்னடா?"

ஷ்ரவண் திரையைப் பார்த்தான். எத்தனையோ ஆயிரம் படங்கள் பார்த்த கண்கள். இந்தப் படத்தின் சொந்தக்காரி கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், வியர்த்துப்போய், அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலைம்மா."

"உரக்கச் சொல்லு. டாக்டருக்குக் கேட்கணும்."

"முஜே நஹீ பதா, டாக்டர்." அதற்கப்புறம் அவனால் நிறுத்த முடியவில்லை. மஞ்சள் பெட்டி இருந்ததையும் எடுக்கப்பட்டதையும் கடகடவென்று ஹிந்தியில் கொட்டினான். வலது பக்கத்தில் இப்படித் தட்டையாக வருகிற வகையின் படங்கள் தங்களிடம் குறைவாகத்தான் இருந்தன, மிஷின் தடுமாறியதெல்லாம் அந்த வகையில்தான் என்றும் சொன்னான்.

டாக்டர் மாதுரி அவன் பக்கம் திரும்பினார். குரலில் பழைய மரியாதை இல்லை. "இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே?"

"இல்லை, டாக்டர். சொல்லலை."

"பெட்டியை அணை."

திரையிலிருந்து பச்சை மறைந்தது. டாக்டர் மாதுரி தண்ணீரைப் பீய்ச்சினார். திட்டின் மேல் படிந்திருந்த வழவழப்பான ஒரு படலம் கழன்று போனது. அடியில் இருந்தது பாசிப்பருப்பைவிடப் பெரியதாகத் தெரிந்தது. டாக்டர் முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுபோனார்.

"இதன் விளிம்பு எங்கே முடிகிறது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை," என்றார் மெதுவாக. "போன தடவை பெட்டி பச்சையாக விழுந்ததும் என் கை தானாக நின்றுவிட்டது. இது மோசமானது என்று நான் சொல்லவில்லை, வைதேஹி ஜி. ஆனால் இதை விட்டுவைக்க மாட்டேன்."

"எடுங்கோ," என்றாள் வைதேஹி தமிழிலேயே. யாருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

எவாஞ்சலின் ஒரு மெல்லிய கம்பியைக் குழாய் வழியே செலுத்தினாள். திரையில் அதன் நுனி விரிந்து ஒரு சின்னச் சுருக்காகியது. திட்டைச் சுற்றி விழுந்து, இறுகி, நறுக்கியது. அந்த நேரத்தில் மட்டும் வலியே இல்லை. ஒரு சொட்டு ரத்தம் கசிந்தது. அவ்வளவுதான்.

வெளியே கட்டிலில் கொண்டுவந்து படுக்கவைத்தபோது மகாதேவன் வந்து தலைமாட்டில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வெட்டியாச்சா?"

"ஆச்சு."

"மருவை வெட்டினா பரவும்பாளே, வைதேஹி..."

"அது மரு இல்லைன்னா. ஹிந்தியில தோல்ல வரதுக்கும் அதே வார்த்தை, குடல்ல வரதுக்கும் அதே வார்த்தை. நீங்க ஒரு வார்த்தையைப் பிடிச்சுண்டு மலையேறிட்டேள். அன்னிக்கே யாரையாவது கேட்டிருக்கலாம்."

எவாஞ்சலின் மூடி போட்ட சின்ன பாட்டிலுடன் கடந்துபோனாள். பரிசோதனைக்கூடத்துக்குப் போகிறது. மகாதேவன் அவளை நிறுத்தி, பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத்துனூண்டுக்கா ஒரு பொட்டலம் மிளகு?" என்றார். "என்னதாம்மா இது? நல்லதா கெட்டதா?"

"ரிசல்ட் அடுத்த வாரம் வரும், ஐயா. அதுவரை யாருக்கும் தெரியாது."

மகாதேவன் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு யாரும் பார்க்காத மாதிரி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான இத்தனை வருடத்தில் நாலு பேர் நடமாடும் இடத்தில் அவர் அதைச் செய்ததில்லை. வைதேஹியும் விடுவித்துக்கொள்ளவில்லை.

"நன்னாத்தான் அதட்டியிருக்கே எல்லாரையும்," என்றார். "கதவு வரைக்கும் கேட்டுது."

ஷ்ரவண் வந்தான். அவனுக்குப் பின்னால் டாக்டர் மாதுரி. டாக்டர் வைதேஹியின் நாடியைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எல்லாம் நலம் என்றார். பிறகு ஷ்ரவண் பக்கம் திரும்பினார்.

"இந்த மிஷின் வந்த நாளிலிருந்து பச்சையைப் பார்த்து நான் விட்டுவைத்தவர்கள் இருக்கிறார்கள். வேறு மருத்துவமனைகளிலும் இருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் இஞ்ஜினியர் பிள்ளை கிடையாது." ஷ்ரவணின் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

அப்போது ஷ்ரவணின் கையில் இருந்த போன் அதிர்ந்தது. திரையில் அர்ஜுன் பெயர். அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மணி நின்றது. மறுபடி அடித்தது.

அவன் அம்மாவைப் பார்த்தான். வைதேஹி தலையணையிலிருந்து நிமிர்ந்து, முழங்கையை ஊன்றி உட்கார்ந்தாள். வயிறு இன்னும் வலித்தது. பிள்ளைக்காக நெஞ்சு அதைவிட வலித்தது. ஆனால் குரலில் அது வர அவள் விடவில்லை.

"எடு."

"எடுத்து என்னம்மா சொல்றது?"

"உள்ளே எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொன்னியே, அதையே சொல்லு. முதல்ல அவனுக்கு. அப்புறம் பச்சைப் பெட்டியோட வீட்டுக்குப் போனவா அத்தனை பேருக்கும்."

ஷ்ரவண் போனைக் காதில் வைத்தான்.